கிரீன் கார்டு வரிசையில நிக்கும்போது வேலைக்குப் போறது: ஹெச்-4 இஏடி எப்படி ஓடுது, இப்ப எங்க மாட்டுது

வீட்டுக்காரருக்கு ஹெச்-1பி (கம்பெனி எடுத்துக் குடுக்கற வேலை விசா), மனைவிக்கு ஹெச்-4 (அவரைச் சார்ந்து வர்ற குடும்ப விசா), கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனு வரிசையில கிடக்கு, அது எப்ப கைக்கு வரும்னு யாராலயும் சொல்ல முடியல. அமெரிக்காவுல இருக்கற தமிழ்க் குடும்பங்கள்ல நிறைய பேரோட நிலைமை இதுதான். இந்த நடுக்காலத்துல மனைவி வேலைக்குப் போகலாமா, எந்த அட்டைய (இஏடின்னு சொல்ற வேலை அனுமதி அட்டை) வெச்சு போகலாம், அது எத்தனை நாள் செல்லும், புதுப்பிக்கற நேரத்துல கையில இருக்கற வேலை போயிடுமா? 2025 அக்டோபர் 30-க்கு அப்புறம் இந்தக் கடைசி கேள்விக்கு பதில் மாறிடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஃப்ரெண்டு எப்படி பண்ணாங்களோ அப்படியே நாமளும் பண்ணிக்கலாம்னு இருந்தா இப்ப நிஜமாவே வேலை போகும், அதனாலதான் முதல்ல இருந்து முழுசா எழுதறேன். ஹெச்-4-ல இருக்கற ஆம்பளைங்களும் உண்டு, சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஆனா இதுல மாட்டிக்கிட்டு இருக்கறவங்க பெரும்பாலும் பொண்ணுங்கங்கறதால மனைவின்னே எழுதிட்டுப் போறேன்.

முதல்ல ஏன் இவ்வளவு காத்திருப்பு. வேலை வழியா குடுக்கற கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1,40,000 தான், அதுவும் வேலை பாக்கறவருக்கு மட்டும் இல்ல, மனைவி குழந்தைங்க எல்லாரும் அந்தக் கணக்குலயே வராங்க, நாலு பேர் குடும்பம்னா நாலு நம்பர் போயிடும். இதுல எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவா 7 சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னு ஒரு உச்சவரம்பு. சின்ன நாடுன்னா பரவாயில்ல, இந்தியா மாதிரி நாட்டுல இருந்து வருஷா வருஷம் இத்தனை பேர் மனு போட்டா வரிசை நீண்டுக்கிட்டேதான் போகும். 2025 டிசம்பர் விசா புல்லட்டின்ல (யாருக்கு முறை வந்திருக்குன்னு மாசாமாசம் வர்ற அரசாங்கப் பட்டியல்) இந்தியாவுக்கு இபி-2, இபி-3ங்கற ரெண்டு வேலைப் பிரிவோட தேதியும் 2013-லயே நின்னுச்சு. அதாவது 2013-ல மனு போட்டவங்களுக்குத்தான் அப்ப முறை வந்திருந்துச்சு. 2020-ல மனு போட்ட குடும்பம் எங்க இருக்குன்னு நீங்களே பாத்துக்கலாம்.

இங்க ஒரு விஷயம், நிறைய தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரியாமலே போகுது. நாடுங்கறது பாஸ்போர்ட்ட வெச்சு இல்ல, பிறந்த இடத்த வெச்சு. அதுமட்டும் இல்லாம கணவனோ மனைவியோ ரெண்டு பேர்ல ஒருத்தர் வேற நாட்டுல பிறந்திருந்தா அந்த நாட்டு வரிசையில ரெண்டு பேருமே போய் நிக்கலாம். வீட்டுக்காரர் திருச்சியில பிறந்திருக்கலாம், மனைவி குவைத்லயோ துபாய்லயோ, இல்ல சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலயோ பிறந்திருந்தா போதும், இந்தியாவோட பெரிய வரிசைய விட்டு வெளிய வந்துடலாம். வளைகுடாவுல பிறந்து சின்ன வயசுலயே ஊருக்கு வந்து படிச்சவங்க நம்ம பக்கம் எத்தனையோ பேர், அவங்க வக்கீல்கிட்ட இத முதல் நாளே சொல்லணும். இப்படி மாறினா இந்தக் கட்டுரையில பாதி உங்களுக்கு தேவைப்படாமலே போகலாம்.

சரி, மத்தவங்களுக்கு வருவோம். கம்பெனி வழி கிரீன் கார்டுல மூணு படி. முதல்ல பெர்ம், இந்த வேலைக்கு அமெரிக்க ஆள் கிடைக்கலைன்னு தொழிலாளர் துறைகிட்ட காட்டறது. அடுத்து ஐ-140, கம்பெனி யுஎஸ்சிஐஎஸ்கிட்ட (குடியேற்றத் துறை) போடற மனு. கடைசியா உங்க பிரயாரிட்டி டேட் (வரிசையில உங்க இடத்தக் காட்டற தேதி) விசா புல்லட்டின்ல வந்ததுக்கு அப்புறம் குடும்பம் மொத்தமும் போடற கிரீன் கார்டு மனு, ஐ-485. இந்தியாவுல பிறந்தவங்களுக்கு ரெண்டாவது படிக்கும் மூணாவது படிக்கும் நடுவுல தான் அந்த பத்து, பன்னெண்டு வருஷம் இருக்கு. மனைவியோட வேலை அனுமதிக்கு ரெண்டு கதவு: ஐ-140 அப்ரூவ் ஆனதும் திறக்கற ஹெச்-4 இஏடி, இதோட பிரிவு சி-26. அப்புறம் ஐ-485 போட்டதும் திறக்கற இஏடி, அது சி-9. ரெண்டும் ஒரே ஐ-765 ஃபார்ம்ல தான் கேக்கறோம், பாக்கறதுக்கும் ஒரே மாதிரி அட்டைதான், ஆனா எது எதோட கட்டப்பட்டிருக்குங்கறது முழுக்க வேற.

ஹெச்-4-க்கு வேலை அனுமதிங்கறது 2015-க்கு முன்னாடி கிடையவே கிடையாது. பி.இ., எம்.சி.ஏ. முடிச்சு சென்னையில ஐடி கம்பெனியில அஞ்சாறு வருஷம் வேலை பாத்தவங்க, பல் டாக்டருங்க, டீச்சருங்க, கல்யாணம் ஆகி இங்க வந்து வருஷக்கணக்கா வீட்டுல உக்காந்தாங்க. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கூட வாங்க முடியாது, வரி கட்டறதுக்கு ஐடின் நம்பர் மட்டும் தான். 2015 பிப்ரவரி 25-ஆம் தேதி ஒபாமா ஆட்சியில விதி வெளியாச்சு, அந்த வருஷம் மே 26-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. முதல் வருஷம் 1,79,600 பேர் வரைக்கும் தகுதி பெறலாம், அதுக்கப்புறம் வருஷத்துக்கு 55,000 பேர்னு அரசாங்கமே மதிப்பு போட்டுச்சு. 2017 டிசம்பர் வரைக்கும் புதுசும் புதுப்பிப்பும் சேத்து 1,26,853 மனு அப்ரூவ் ஆச்சு, அதுல முதல் தடவை வாங்கினவங்க 90,946 பேர். இந்த அட்டை வாங்கினவங்கள்ல 93 சதவீதம் இந்தியாவுல பிறந்தவங்க, அதுல பெரும்பாலும் பெண்கள். யாருக்கு இது வாழ்க்கைப் பிரச்சனைங்கறதுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

தகுதி ரொம்ப சிம்பிள். வீட்டுக்காரரோட ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்கணும், இல்லைன்னா 2000-ஆம் வருஷ ஏசி-21 சட்டப்படி அவருக்கு ஆறு வருஷத்துக்கு மேல ஹெச்-1பி நீட்டிப்பு கிடைச்சிருக்கணும். மனைவி ஹெச்-4 ஸ்டேட்டஸ்ல அமெரிக்காவுக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான். வேலை ஆஃபர் தேவையில்ல, டிகிரி தேவையில்ல, கார்டு வந்தா எந்த கம்பெனியிலயும் எந்த வேலையும் பாக்கலாம், பார்ட் டைம் போகலாம், சொந்தமா பிசினஸ் ஆரம்பிக்கலாம், வீட்டுல இருந்து கேட்டரிங் பண்ணி சம்பாதிக்கலாம் (அதுக்கு ஊர் லைசன்ஸ் தனி). குழந்தைங்களுக்கு மட்டும் இது கிடையாது, ஹெச்-4 பையன் 18 வயசுல பீட்சா கடையில பார்ட் டைம் பாக்கணும்னாலும் இந்தப் பிரிவுல அட்டை கேக்க முடியாது.

இந்த விதி நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்ல, ஒரு துறை போட்ட விதி. அதனால ஆட்சி மாறினா ஆடும். நடைமுறைக்கு வர்றதுக்கு முன்னாடியே 2015 ஏப்ரல்ல சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏன்னு ஒரு அமைப்பு கேஸ் போட்டுச்சு. சதர்ன் கலிபோர்னியா எடிசன் கம்பெனியில ஹெச்-1பி ஆட்கள் வந்ததால வேலை போச்சுன்னு சொன்ன ஐடி ஊழியர்கள் சேர்ந்த அமைப்பு அது. டிரம்ப் முதல் ஆட்சியில இந்த விதியையே நீக்கப் போறோம்னு 2017 கடைசியில அஜெண்டாவுல போட்டாங்க, 2019 பிப்ரவரியில வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தோட பரிசீலனைக்கும் போச்சு, அந்த ரெண்டு மூணு வருஷமும் அடுத்த மாசம் வேலை இருக்குமா இருக்காதான்னு தெரியாம ஓட்டினவங்க நிறைய பேர், வீடு வாங்கறத தள்ளிப் போட்டவங்க, பிரமோஷன் வந்தும் தயங்கினவங்க. பைடன் பதவிக்கு வந்த முதல் வாரத்துல, 2021 ஜனவரியில, அந்த நீக்கற திட்டத்த வாபஸ் வாங்கினாங்க. கேஸ் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. 2023 மார்ச்ல நீதிபதி தான்யா சட்கன் விதி செல்லும்னு தீர்ப்பு சொன்னாங்க, 2024 ஆகஸ்ட்ல அப்பீல் கோர்ட்டும் அதையே சொல்லுச்சு, 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் இந்த வழக்கை எடுத்துக்க மாட்டோம்னு விட்டுடுச்சு. பத்து வருஷ வழக்கு அதோட முடிஞ்சுது. கோர்ட் பக்கம் பயம் போச்சு, ஆனா அரசாங்கம் முறைப்படி புது விதி போட்டு நீக்கணும்னா அந்த வழி இன்னும் இருக்கு, அத மறக்கக்கூடாது.

கோர்ட் வழி நின்ன அதே மாசக் கடைசியில தான் வேற பக்கத்துல அடி விழுந்துச்சு. அதப் புரிஞ்சுக்க தேதிக் கணக்கு கொஞ்சம் தெரியணும்.

ஹெச்-4 இஏடி அட்டையோட கடைசித் தேதி மனைவியோட ஐ-94 (நாட்டுக்குள்ள எந்தத் தேதி வரைக்கும் இருக்கலாம்னு சொல்ற பதிவு) தேதிய தாண்டாது. ஐ-94 பொதுவா வீட்டுக்காரரோட ஹெச்-1பி தேதியோட ஓடும், அது அதிகபட்சம் மூணு வருஷம். ஆக மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மூணு பேப்பரும் சேர்ந்து முடியும்: அவரோட ஹெச்-1பி, இவங்க ஹெச்-4, இவங்க இஏடி. புதுப்பிக்கும்போது ஹெச்-1பிக்கு கம்பெனி ஐ-129 போடணும், அதோட ஹெச்-4-க்கு ஐ-539, அதோட இஏடிக்கு ஐ-765. ஹெச்-1பி நீட்டிப்ப தேதி முடிய ஆறு மாசம் இருக்கும்போதுதான் போட ஆரம்பிக்க முடியும், இஏடி புதுப்பிப்பும் 180 நாள் இருக்கும்போதுதான். முதல்ல ஹெச்-1பி முடிவாகணும், அப்புறம் ஹெச்-4, அப்புறம் தான் இஏடி. வீட்டுக்காரர் மனுவுக்கு கம்பெனி பிரீமியம் (சீக்கிரம் பாக்கறதுக்கான கூடுதல் ஃபீஸ்) கட்டினா 15 வேலை நாள்ல அவருக்கு பதில் வந்துடும். ஆனா ஹெச்-4 நீட்டிப்புக்கும் அதோட இஏடிக்கும் பிரீமியமே கிடையாது, நீங்க எவ்வளவு பணம் கட்ட தயாரா இருந்தாலும் அந்த வசதி இல்ல.

நடுவுல ரெண்டு நல்லது நடந்துச்சு, ரெண்டுமே வழக்கு போட்டுக் கிடைச்சது. 2019 மார்ச்ல ஹெச்-4 நீட்டிப்புக்கும் கைரேகை எடுக்கணும்னு கொண்டு வந்தாங்க, அப்புறம் கோவிட் வந்து கைரேகை எடுக்கற அலுவலகங்க மூடிக் கிடந்துச்சு, ஆயிரக்கணக்கான பேருக்கு அட்டை முடிஞ்சு வேலை போச்சு. அந்த நேரத்துல போட்ட வழக்குகள்ல ஷெர்கில் வழக்கு 2021 நவம்பர்ல சமரசமாச்சு. அதனால ஐ-94 இன்னும் செல்லுபடியா இருக்கற ஹெச்-4 ஆட்கள் இஏடி புதுப்பிப்புக்கு மனு போட்டு வெச்சிருந்தா பழைய அட்டை தானாவே நீளும்னு ஆச்சு. முதல்ல 180 நாள், அப்புறம் 540 நாள், ஆனா எப்பவும் ஐ-94 தேதிக்குள்ள. அடுத்தது எடகுன்னி வழக்கு, 2023 ஜனவரி சமரசம், ஹெச்-1பியோட சேர்த்துப் போட்டா ஹெச்-4, இஏடி மூணையும் ஒண்ணாவே பார்த்து முடிக்கறோம்னு யுஎஸ்சிஐஎஸ் ஒத்துக்கிச்சு. அந்த ரெண்டு வருஷம் ரொம்ப நிம்மதியா இருந்துச்சு, பிரீமியம் கட்டினா மொத்த குடும்பத்துக்கும் சேர்த்தே சீக்கிரமா வேலை முடிஞ்சுது. ஆனா அந்த ஒப்பந்தத்துக்கு ரெண்டு வருஷம் தான் ஆயுசு, 2025 ஜனவரியில முடிஞ்சுது.

அதுக்கு மேல 2025 அக்டோபர் 30-ல புது இடைக்கால விதி: அந்தத் தேதியிலயோ அதுக்கப்புறமோ போடற புதுப்பிப்பு மனுக்களுக்கு தானா நீளற வசதி கிடையாது. ஹெச்-4-க்கும் சரி, ஐ-485 போட்டவங்க சி-9 அட்டைக்கும் சரி. முன்னாடி நாள் வரைக்கும் போட்டவங்களுக்கு பழைய கணக்கு செல்லும். இப்ப போடறவங்களுக்கு அட்டையில இருக்கற தேதிதான் கடைசி நாள், அடுத்த நாள் புது அட்டை கையில இல்லைன்னா வேலைய நிறுத்தணும். ரசீதக் காட்டி வேலை பாக்க முடியாது.

கணக்க போட்டுப் பாருங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி தான் போட முடியும், இஏடி ஹெச்-4-க்காக காத்திருக்கும், ஹெச்-4 ஹெச்-1பிக்காக காத்திருக்கும், மொத்தமும் ஆறு மாசத்துக்குள்ள முடியணும். முடியலாம், முடியாமலும் போகலாம். இது ஒருத்தரோட திறமையையோ, வேலை பாக்கற கம்பெனியோட தேவையையோ பொறுத்தது இல்ல, ஒரு ஆபீஸ்ல ஃபைல் எவ்வளவு வேகமா நகருதுங்கறத பொறுத்தது. பாதுகாப்பு சோதனைக்காக தான் இந்த மாற்றம்னு அரசாங்கம் சொல்லுது, ஆனா ஏற்கனவே பல தடவை சோதிச்சு வருஷக்கணக்கா இங்கயே வரி கட்டிட்டு இருக்கற நர்ஸையும் டீச்சரையும் ரெண்டு மாசம் வீட்டுல உக்கார வைக்கறதால யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைக்குதுன்னு எனக்குப் புரியல, இது அநியாயம்னுதான் நான் நினைக்கறேன்.

இனி என்ன பண்ணலாம். முதல் வேலை, வீட்டுக்காரர் கம்பெனி வக்கீல்கிட்ட தேதி முடிய ஏழு மாசம் இருக்கும்போதே பேச ஆரம்பிக்கணும், ஆறு மாசம் திறக்கற அன்னைக்கே ஹெச்-1பி மனு போகற மாதிரி பேப்பர் தயாரா இருக்கணும். பல கம்பெனிங்க மூணு மாசம் இருக்கும்போது தான் ஃபைல எடுக்கறாங்க, ஏன்னா ஹெச்-1பி ஆளுக்கு மனு போட்டாலே 240 நாள் வேலை பாக்கலாம்னு இருக்கு, அவங்களுக்கு அவசரம் தெரியாது. மனைவிக்கு அந்த 240 நாள் இல்லைன்னு நாமதான் எடுத்துச் சொல்லணும். மூணு ஃபார்மையும் ஒரே கவர்ல போடச் சொல்லுங்க, சேர்த்துப் பாக்கணும்னு இப்ப கட்டாயம் இல்லைன்னாலும் தனித்தனியா போடறத விட அது நல்லது. ஃபீஸ் பேப்பர்ல போட்டா ஐ-539-க்கு 470 டாலர், ஐ-765-க்கு 520 டாலர்னு 2024 ஏப்ரல்ல வெச்சாங்க, போடற அன்னைக்கு யுஎஸ்சிஐஎஸ் வெப்சைட்ல ஃபீஸையும் ஃபார்ம் எடிஷன் தேதியையும் ஒரு தடவை பாத்துடுங்க, பழைய எடிஷன் போட்டு திரும்பி வந்தா இப்ப இருக்கற நிலைமையில ஒரு மாசம் போறது பெரிய இழப்பு.

ரெண்டாவது வழி பயணம். ஹெச்-4 விசா ஸ்டாம்ப் பாஸ்போர்ட்ல இன்னும் செல்லுபடியா இருந்து, வீட்டுக்காரரோட புது ஐ-797 அப்ரூவல் வந்துட்டா, அத எடுத்துக்கிட்டு வெளிநாடு போய் திரும்பி வந்தா ஏர்போர்ட்லயே புது தேதி வரைக்கும் ஐ-94 குடுப்பாங்க. அப்ப ஐ-539 காத்திருப்பு இல்ல, ஐ-765 ஒண்ணுதான் பாக்கி. இதுல ஒரு பள்ளம் இருக்கு, பாஸ்போர்ட் முன்னாடியே முடியுதுன்னா ஐ-94-ஐயும் அந்த பாஸ்போர்ட் தேதியோட வெட்டிடுவாங்க, அப்புறம் இஏடியும் அந்தத் தேதிக்குத்தான் வரும். அதனால ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ட புதுப்பிச்சிடுங்க, திரும்பி வந்ததும் சிபிபி (எல்லைப் பாதுகாப்புத் துறை) வெப்சைட்ல போய் ஐ-94-ஐ டவுன்லோட் பண்ணி தேதிய பாருங்க, தப்பா இருந்தா அப்பவே திருத்தச் சொல்லணும்.

ஸ்டாம்ப் முடிஞ்சவங்களுக்கு இந்த வழி இப்ப ஆபத்து. 2025 டிசம்பர் 15-ல இருந்து ஹெச்-1பி, ஹெச்-4 ரெண்டுக்கும் சமூக வலைத்தள கணக்க எல்லாம் பாத்துதான் விசா குடுக்கறாங்க, அதனால சென்னை, ஹைதராபாத் கான்சுலேட்ல அந்த மாசம் அப்பாயிண்ட்மென்ட் வெச்சிருந்த நிறைய பேருக்கு தேதிய மாசக்கணக்குல தள்ளி வெச்சாங்க. லீவுக்கு வந்தவங்க ஊர்லயே மாட்டிக்கிட்டாங்க, இங்க வீட்டு வாடகையும் குழந்தை ஸ்கூலும் அப்படியே நின்னுச்சு. கல்யாணம், காதுகுத்து, அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போகத்தான் வேணும், போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஸ்டாம்ப் தேவைப்படும்னா அத கணக்குல வெச்சுட்டு போங்க. ஸ்டேட்டஸ் மாத்தற மனு, உதாரணத்துக்கு எஃப்-1 மாணவர் விசாவுல இருந்து ஹெச்-4-க்கு, நிலுவையில இருக்கும்போது நாட்ட விட்டு வெளிய போனா அந்த மனு கைவிடப்பட்டதா ஆகிடும், அதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

அட்டை முடிஞ்சும் புதுசு வரலைன்னா? வேலை பாக்கற கம்பெனி எச்ஆர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. ஐ-9 ஃபார்ம்ல (வேலை அனுமதிய கம்பெனி சரிபாத்து வெக்கற ஃபார்ம்) உங்க அட்டை தேதி அவங்ககிட்ட இருக்கு, அந்த நாள் வந்ததும் அவங்க கேட்டே ஆகணும். நல்ல கம்பெனியா இருந்தா சம்பளமில்லா லீவ்ல வெச்சிருப்பாங்க, அதுக்கு கொள்கை இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. அந்த லீவ்ல ஒரு மெயிலுக்குக் கூட பதில் போடாதீங்க, டீம் மீட்டிங்ல சும்மா உக்காரவும் வேண்டாம். அனுமதி இல்லாம வேலை பாத்தது பின்னாடி ஹெச்-4 நீட்டிப்பையே பாதிக்கும். ஐ-485 கட்டத்துல வேலை வழி மனுக்களுக்கு மொத்தம் 180 நாள் வரைக்கும் மன்னிப்பு குடுக்கற பிரிவு ஒண்ணு சட்டத்துல இருக்கு, உண்மைதான், ஆனா அத நம்பி இறங்கறதுக்கு அது இல்ல. அட்டை இல்லாத நேரத்துல இங்க உக்காந்து இந்திய கம்பெனிக்கு லேப்டாப்ல வேலை பாத்தா, சம்பளம் ஊர் அக்கவுண்ட்ல தான் வருது, அதுல என்னன்னு கேக்கறவங்க உண்டு, பெரும்பாலான வக்கீலுங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, நானும் அதையே சொல்றேன். குடும்பத்துக்கு கடுமையான பண நெருக்கடின்னா எக்ஸ்பெடைட் (மனுவ சீக்கிரம் பாக்கச் சொல்றது) கேக்கலாம், ஆதாரத்தோட கேக்கணும். உங்க ஏரியா காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸ்ல இதுக்குன்னே ஆள் இருப்பாங்க, ஓட்டு இல்லைன்னாலும் அவங்க விசாரிச்சு குடுப்பாங்க, கூச்சப்படாம கேளுங்க.

வீட்டுக்காரர் கம்பெனி மாறினா என்ன ஆகும்னு நிறைய பேர் பயப்படறாங்க. அவர் ஹெச்-1பியிலயே தொடர்ந்து இருக்கற வரைக்கும், உங்க ஐ-94 முடியாத வரைக்கும் ஹெச்-4 அப்படியே இருக்கும், இஏடியும் ஓடும், உடனே எதையும் புதுசா போட வேண்டியதில்ல. ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிட்டா பழைய கம்பெனி அத வாபஸ் வாங்கினாலும் இந்த உபயோகத்துக்கு அது செல்லும், பிரயாரிட்டி டேட்டும் போகாது. 180 நாளுக்குள்ள வேலை மாறறதுதான் யோசிக்க வேண்டியது. ஆனா அவருக்கு வேலையே போச்சுன்னா கதை வேற, 60 நாளுக்குள்ள புது கம்பெனி மனு போடலைன்னா ரெண்டு பேரோட ஸ்டேட்டஸும் சேர்ந்தே போகும், மனைவி எவ்வளவு பெரிய வேலையில இருந்தாலும் சரி. லேஆஃப் நடக்கற காலத்துல ஒரு வீட்டுல ரெண்டு சம்பளமும் ஒரே ஆளோட விசாவுல நிக்குதுங்கறது சாதாரண விஷயம் இல்ல. முடிஞ்சா மனைவியும் தன் கம்பெனி மூலமா மார்ச் மாச ஹெச்-1பி லாட்டரியில பேர் குடுத்துடறது நல்லது, கிடைச்சா சொந்தக் கால்ல நிக்கலாம்.

இதோட சேர்த்து சொல்ல வேண்டிய ஒண்ணு, யாரும் வெளிய பேசறதில்ல. ஸ்டேட்டஸ் முழுக்க கணவன் கையில இருக்கறதால அடி வாங்கிக்கிட்டும், மிரட்டலுக்குப் பயந்துகிட்டும் இருக்கற பொண்ணுங்க இருக்காங்க. ஐ-797 தர மாட்டேன், இஏடி போட விட மாட்டேன், ஊருக்கு அனுப்பிடுவேன்னு சொல்றது கொடுமைதான். அவங்களுக்குன்னு ஐ-765வின்னு தனி ஃபார்ம் இருக்கு. ஹெச்-1பிகாரரோட மனைவி, கணவன் கொடுமைப்படுத்தினார்னு காட்ட முடிஞ்சா, அவர் கையெழுத்தோ ஒத்துழைப்போ இல்லாம தானே வேலை அனுமதி கேக்கலாம். அவருக்கு தகவல் போகாது. பல மாநிலங்கள்ல தெற்காசியப் பெண்களுக்கு உதவற அமைப்புங்க இருக்கு, தமிழ் பேசற ஆள் கிடைக்கலாம். இத படிக்கறவங்கள்ல யாருக்காவது தெரிஞ்ச ஒருத்தருக்கு இது தேவைப்படலாம், தயவுசெஞ்சு சொல்லுங்க.

இனி ரெண்டாவது கதவு, சி-9. பிரயாரிட்டி டேட் வந்து ஐ-485 போடும்போது கூடவே ஐ-765 போடலாம், 2024 ஏப்ரலுக்கு அப்புறம் 260 டாலர். இந்த அட்டையோட நல்லது என்னன்னா ஹெச்-1பி தேதியோட கட்டப்பட்டது இல்ல, விசா புல்லட்டின் பின்னாடி போனாலும் ஐ-485 நிலுவையில இருக்கற வரைக்கும் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கலாம். 2023 செப்டம்பர்ல இதுக்கு அஞ்சு வருஷ அட்டை குடுக்க ஆரம்பிச்சாங்க, பெரிய நிம்மதி அது. 2025 டிசம்பர் 5-ல இருந்து அத 18 மாசமா குறைச்சுட்டாங்க. தானா நீளறதும் இல்ல, 180 நாளுக்கு முன்னாடி மனுவும் போடணும்னா, அட்டை வந்து ஒரு வருஷத்துல மறுபடி மனு போட்டாகணும். அதனால ஐ-485 போட்டாச்சு இனி ஹெச்-4 எதுக்குன்னு விட்டுடாதீங்க. ரெண்டு அட்டையும் ஒரே நேரத்துல வெச்சிருக்கலாம், ஒண்ணு முடியற நேரத்துல இன்னொண்ணு செல்லுபடியா இருக்கற மாதிரி பாத்துக்கலாம், ஐ-485-ல ஏதாவது சிக்கல் வந்தாலும் ஹெச்-4 கீழ தாங்கும். ஹெச்-4 ஸ்டாம்ப் இருந்தா அட்வான்ஸ் பரோல் (ஐ-485 நிலுவையில இருக்கும்போது வெளிநாடு போய் வர வாங்கற அனுமதி) இல்லாமயே போய்ட்டு வரலாம், ஐ-485 பாதிக்காது.

எல்-1ல (ஒரே கம்பெனியோட வெளிநாட்டுக் கிளையில இருந்து மாத்தி அனுப்பறவங்க விசா) இருக்கறவங்க மனைவிக்கு இந்த தலைவலி எதுவும் இல்ல. அதே ஷெர்கில் சமரசத்தால எல்-2 துணைக்கு 2021 நவம்பர்ல இருந்து அட்டையே வேண்டாம், ஐ-94-ல எல்-2எஸ்னு இருந்தா அதுவே வேலை அனுமதி. ஹெச்-4-க்கும் அப்படியே பண்ணியிருக்கலாம், பண்ணல.

இன்னும் கல்யாணம் ஆகாத பையன், பொண்ணு வீட்டுக்கு ஒரு வார்த்தை. கிரீன் கார்டு அப்ரூவ் ஆகறதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருந்தா மனைவி அதே மனுவுல, அதே பிரயாரிட்டி டேட்ல வருவாங்க. கார்டு வந்ததுக்கு அப்புறம் கல்யாணம்னா ஹெச்-4-ம் கிடையாது, எஃப்2ஏ (கிரீன் கார்டு வெச்சிருக்கறவங்களோட கணவன், மனைவி, குழந்தைங்களுக்கான பிரிவு) வரிசையில தனியா நிக்கணும், அதுவரைக்கும் பொண்ணு ஊர்ல, பையன் இங்க. ஜாதகம் பாக்கறவங்க பிரயாரிட்டி டேட்டையும் கேட்டுடணும், நிஜமாத்தான் சொல்றேன்.

கடைசியா பேப்பர். நம்ம ஊர் பேர்ல தான் பாதி பிரச்சனை. பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிவா இருக்கும், கல்யாண சர்டிபிகேட்ல இனிஷியல் மட்டும், பிறப்பு சான்றிதழ்ல குழந்தை பேரே இருக்காது, பெண் குழந்தைன்னு மட்டும் போட்டு அப்பா அம்மா பேரோட விட்டிருப்பாங்க. தமிழ்நாட்டுல 2009 சட்டத்துக்கு அப்புறம் கல்யாணத்தப் பதிவு பண்றது கட்டாயம், அதுக்கு முன்னாடி கோயில்லயோ மண்டபத்துலயோ கல்யாணம் பண்ணி பதிவு பண்ணாம விட்டவங்க இன்னும் இருக்காங்க. பிறப்பு சான்றிதழ்ல பேர் சேக்கறது, பதிவே இல்லைன்னா பதிவு இல்லைங்கற சான்றும் பெத்தவங்க அல்லது பெரியவங்க குடுக்கற அஃபிடவிட்டும் வாங்கறது, இதெல்லாம் மாநகராட்சிக்கும் தாலுக்கா ஆபீஸுக்கும் ஆள் அலையற வேலை, இங்க இருந்து போன்ல முடியாது. 2020 அக்டோபர்ல இந்தியாவோட இபி-3 மனு போடற தேதி திடீர்னு 2015 ஜனவரி 1 வரைக்கும் தாவுச்சு, வருஷக்கணக்கா நின்னுட்டு இருந்தவங்க மொத்தமா ஐ-485 போட்டாங்க, அவங்க மனைவிங்களுக்கும் சி-9 கதவு அப்பத்தான் திறந்துச்சு. அந்த மாதிரி திறக்கற நேரம் ரொம்ப நாள் இருக்காது, தேதி பின்னாடி போயிடும். பிறப்பு சான்றிதழ் மட்டும் இப்பவே வாங்கி வெச்சுடுங்க. ஐ-693 மருத்துவப் பரிசோதனைய 2024 டிசம்பர் 2-ல இருந்து ஐ-485 கூடவே சேர்த்துப் போடணும்னு ஆகிடுச்சு, ஆனா அத தேதி வர்ற மாசத்துல எடுத்தா போதும், சிவில் சர்ஜன் (இந்தப் பரிசோதனை பண்ண அனுமதி இருக்கற டாக்டர்) யார் பக்கத்துல இருக்காங்க, தடுப்பூசி ரெக்கார்டு ஊர்ல எங்க இருக்குன்னு மட்டும் முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க.